மரம் அறுக்கும் மிஷினுக்கு ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி – 2025 மே 17, பேராவூரணி

58 சிசி செயின் சா. தென்னை அறுக்க வாங்கியது. சூடாகிவிட்டால் இழுவை போய்விடுகிறது. நிறுத்தினால் நன்றாக ஆறும் வரை திரும்ப ஸ்டார்ட் ஆவதில்லை. கயிற்றை இழுக்கும்போது முன்பு இருந்த இறுக்கம் கையில் தெரியவில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போயிருக்கும் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். ஆன்லைனில் ரிங் செட் மலிவாகக் கிடைக்கிறது. எக்ஸ்எல் வண்டிக்கு நானே ரிங் போட்டிருக்கிறேன். இதற்கும் போட்டுவிடலாமா?

மே 17, இரவு

போடலாம். ஆனால் ரிங் ஆர்டர் போடுவதற்கு முன் சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு போல்ட், அவ்வளவுதான். கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே எக்ஸாஸ்ட் துளைக்குள் டார்ச் அடியுங்கள். ரிங்கும் பிஸ்டனின் பக்கவாட்டும் கண்ணுக்கு நேராகத் தெரியும். லேத்தில் கடைந்த மெல்லிய கோடுகள் பிஸ்டனில் அப்படியே இருந்தால் சந்தோஷம். மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால் புது ரிங் அந்த இன்ஜினைக் காப்பாற்றாது.

அப்புறம், கார்புரேட்டரைக் கழற்றி எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். கீறல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதிலேயே பாதிக் கதை வந்துவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறியிருந்தால் சூடு: பெட்ரோல் குறைவாகப் போயிருக்கும், அல்லது ஆயில் போதாமல் ஓடியிருக்கும், அல்லது எங்கோ காற்று கசிகிறது. கார்புரேட்டர் பக்கம் மங்கிய சாம்பல் நிறத்தில் தேய்ந்திருந்தால் தூசி. சுற்றிலும் கீறியிருந்தால் மொத்தமாகக் காய்ந்து பிடித்திருக்கிறது.

மே 18

சூடானால் நிற்பது, ஆறினால் ஓடுவது என்ற அறிகுறி ரிங்குக்கு மட்டும் சொந்தமில்லை. இக்னிஷன் காயில் பழுதானாலும் இதேதான் நடக்கும். மிஷின் நின்றவுடன், சூடு ஆறுவதற்குள், பிளக்கைக் கழற்றி இன்ஜினின் உலோக உடம்பில் தொட வைத்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். பிளக் துளையில் துணி அடைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் ஆவி வெளியே வரும். பொறி வந்தால் காயில் பெரும்பாலும் தப்பியது.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் காற்றின் அழுத்தம். அதை அளக்கும் கேஜ் இருந்தால் பிளக் துளையில் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு, முள் ஏறுவது நிற்கும் வரை கயிற்றை இழுங்கள். 150 பிஎஸ்ஐ பக்கம் வந்தால் ரிங்கைத் தொடவே வேண்டாம். 120-க்குக் கீழே போனால் இழுவை குறையும். 90-ல் ஸ்டார்ட் செய்வதே போராட்டம். சூட்டில் ஒருமுறை, ஆறிய பிறகு ஒருமுறை எடுத்து இரண்டையும் எழுதி வையுங்கள். உங்களுக்குச் சூட்டில்தான் பிரச்சினை என்பதால் அந்த எண்தான் முக்கியம்.

மே 18, பின்னால்

கேஜ் இல்லாதவர்கள் ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தொங்கவிடுவார்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை, விட்டு விட்டு இறங்கினால் இருக்கிறது என்று கணக்கு. அவசரத்துக்கு உதவும். ஸ்பிரிங் வைத்த ஈசி ஸ்டார்ட் மாடலுக்கும், கம்ப்ரஷனைக் குறைக்கும் பொத்தான் உள்ள மாடலுக்கும் இது ஒத்துவராது.

மே 21

"லேத் பட்டறையில் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்கிவிடலாமே" என்று ஒருவர் கேட்கிறார், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது. வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கை வந்த வேலை அது. அந்த வண்டியின் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் உண்டு. 0.25, 0.50 என்று படிப்படியாகக் கடைந்து அதற்கேற்ற பிஸ்டன் போடலாம். செயின் சா சிலிண்டர் பெரும்பாலும் வெறும் அலுமினியம். அதன் உட்சுவரில் மிக மெல்லிய முலாம் பூசியிருப்பார்கள், ஒன்று குரோமியம், அல்லது நிக்கலில் சிலிக்கான் கார்பைடு துகள் கலந்தது. இரண்டாவதன் பெயர் நிகாசில். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-ல் வான்கெல் ரோட்டரி இன்ஜினுக்காகக் கொண்டுவந்தது. இன்று நல்ல செயின் சாக்களில் பெரும்பாலும் அதுதான்.

அந்த முலாம் வார்ப்பிரும்பை விடப் பல மடங்கு கடினம், ஆனால் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. போரிங் பாரை உள்ளே விட்டால் முலாம் போய் அலுமினியம் வெளியே வந்துவிடும். அதன் மேல் ரிங் ஓடினால் ஒரு டேங்க் பெட்ரோல்கூடத் தாங்காது. சுவரைத் தேய்க்கும் ஹோனிங் கல்லும் கூடாது. பழைய சுவரின் மினுமினுப்பைக் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்றால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும். சோப்புத் தண்ணீர் தொட்டுக் கையால் குறுக்கு மறுக்காகத் தேய்த்துக் கழுவுங்கள்.

சிலிண்டருக்கு முலாம் போய்விட்டதா என்று பார்க்க நகம் போதும். கீறல்போல் தெரியும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் அது பிஸ்டனிலிருந்து ஒட்டிய அலுமினியம், எடுத்துவிடலாம். பள்ளமாகத் தட்டினால் முலாம் பெயர்ந்திருக்கிறது. அந்தச் சிலிண்டர் முடிந்தது.

மே 23

ஒட்டிய அலுமினியத்தை எடுப்பது எப்படி என்று கேட்டதற்கு: கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அலுமினியத்தைத் தின்னும், நிகாசிலைப் பெரிதாகத் தொடாது. பஞ்சு சுற்றிய குச்சியால் ஒட்டிய இடத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். நுரைக்கும். நுரை நின்றதும் துடைத்துவிட்டு, நுண்ணிய எமரித் தாளால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள், மிச்சம் இருந்தால் மறுபடி தொடுங்கள். ஆசிட் துளைகளின் விளிம்புக்குப் போகவே கூடாது. அங்கே அலுமினியம் திறந்திருந்தால் முலாமின் அடியில் புகுந்து அரித்து, பிறகு அதைத் தோலாக உரித்துவிடும். வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி உடனே ஆயில் தடவுங்கள்.

திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்த நுரை ஹைட்ரஜன் வாயு. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

மே 25

பேராவூரணிக்காரர் படம் அனுப்பியிருக்கிறார். எக்ஸாஸ்ட் பக்கம் சுத்தமாக இருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் பிஸ்டனின் கீழ்ப்பகுதி மங்கிப் போய், கடைசல் கோடுகளே இல்லை. ஆறியபோது 105, சூட்டில் 85. நல்ல செய்திதான். இது தூசி. சிலிண்டர் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தத் தேய்மானத்தை நான் கும்பல் கும்பலாகப் பார்த்தது கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. பிள்ளைபோல் வளர்த்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த ஊர் ஊராக மிஷின் வாங்கினார்கள். பாதிப் பேருக்கு ஏர் ஃபில்டர் என்று ஒன்று இருப்பதையே யாரும் சொல்லித் தரவில்லை. விழுந்த மரத்தின் பட்டையெல்லாம் மணல். தரையை ஒட்டி அறுக்கும்போது அந்த மணல்தூள் பறக்கிறது. ஃபில்டர் கிழிந்திருந்தால், அல்லது ஓரத்தில் சரியாக உட்காராவிட்டால், அத்தனையும் நேராக, சிலிண்டருக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸுக்குள் போய், ஆயிலோடு கலந்து, பிஸ்டனையும் ரிங்கையும் எமரித் தாள் போட்டதுபோல் தேய்த்துவிடும். அடுத்த கோடைக்குள் என்னிடம் வந்த மிஷின்களில் பாதிக்கும் மேல் இதே கார்புரேட்டர் பக்கத் தேய்மானம்தான்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வேலையில் ரிங் கடைசி. முதலில் ஃபில்டர். அது உட்காரும் ஓரத்தில் உள்பக்கம் தூசி படிந்திருக்கிறதா பாருங்கள். கார்புரேட்டர் வாயில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள், நறநறவென்றால் காரணம் அதுதான். சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயை மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுப் புது ரிங் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

கூடவே கவரைக் கழற்றி சிலிண்டரின் தகடுகளைப் பாருங்கள். காற்றில் ஆறும் இன்ஜினுக்கு அந்த இடுக்குகள்தான் உயிர். தென்னை நாரும் செயின் ஆயிலும் சேர்ந்து அங்கே கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் சிலிண்டர் சமமாக ஆறாமல் கோணும்.

ஜூன் 1

ரிங் அளவு. பெட்டியில் 58 சிசி என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அந்த வகை மிஷின்களில் சிலிண்டர் விட்டம் பொதுவாக 45.2 மி.மீ., 52 சிசி என்று விற்பதில் 45. வெர்னியரில் அளந்து, ரிங்கின் தடிமனையும் அளந்து (1.2 அல்லது 1.5 மி.மீ. இருக்கும்) அதற்கேற்ப வாங்குங்கள்.

"எக்ஸ்எல் சூப்பர் ரிங் 46 மி.மீ. தானே, கொஞ்சம் ராவிப் போட்டால் என்ன" என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான். டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்துக்குள், அதாவது காடிக்குள், ஒரு சின்ன ஊசி நிற்கும். ரிங்கின் இரண்டு முனைகளிலும் அந்த ஊசியைக் கட்டிக்கொள்ள அரைவட்டமாகவோ படியாகவோ வெட்டியிருப்பார்கள். ரிங் சுற்றினால் அதன் முனை எக்ஸாஸ்ட் துளைக்குள் எட்டிப்பார்த்து முறிந்துவிடும், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. வேறு வண்டி ரிங்கின் முனையை ராவினால் அந்த வெட்டு போய்விடும். மேலும் 46-க்கு வளைத்த ரிங் 45.2-ல் சுவரோடு முழுக்க ஒட்டாது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கச் சிலிண்டரைப் பணயம் வைக்க வேண்டாம்.

இன்னொன்று: குரோமியம் பூசிய சிலிண்டரில் குரோமியம் பூசிய ரிங் போடக் கூடாது. ஒன்றையொன்று தின்றுவிடும்.

ஜூன் 2

நேற்று எழுதியதில் ரிங் முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைச் சொல்ல விட்டுப்போயிற்று. இந்த வேலையில் ஒரே ஒரு அளவுதான் எடுப்பேன் என்று யாராவது சொன்னால் இதை எடுக்கச் சொல்வேன்.

பழைய ரிங்கைக் கழற்றி, பிஸ்டன் இல்லாத வெறும் சிலிண்டருக்குள் கீழிருந்து விடுங்கள். பிஸ்டனின் தலையாலேயே நேராகத் தள்ளுங்கள், அப்போதுதான் சாயாது. இரண்டு முனைகளுக்கும் நடுவில், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். புது ரிங்குக்கு, விட்டம் 25 மி.மீ.க்கு 0.1 மி.மீ. என்று ஒரு நாட்டுக் கணக்கு உண்டு. 45 மி.மீ. சிலிண்டருக்கு 0.18 வரும். 0.15-லிருந்து 0.4 வரை இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. 1 மி.மீ.யைத் தாண்டினால் ரிங்குக்கு ஓய்வு. 0.15-க்கும் கீழே இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் முறியலாம்.

புது ரிங்கையும் அதேபோல் அளந்துவிடுங்கள். இரண்டு இடத்தில்: ஒன்று சிலிண்டரின் மேற்பகுதியில், இன்னொன்று எக்ஸாஸ்ட் துளைக்குச் சற்று மேலே. இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் அந்த உயரத்துக்குள் விட்டம் எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்துவிடும். 0.3 வித்தியாசம் வந்தால் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. இவ்வளவு மெல்லிய முலாமுக்கு அது மிக அதிகம். சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வாங்க வசதியில்லாத பட்டறைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஜூன் 8

ரிங் வந்துவிட்டது, இடைவெளி 0.25, மேலும் கீழும் ஒரே அளவு என்று எழுதியிருக்கிறார். சரி, மாட்டும் வேலை.

செயினையும் பாரையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். சிலிண்டரின் நான்கு போல்ட்டை எடுப்பதற்கு முன் வெளியே முழுக்கத் துலக்குங்கள், மேலே ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை மணல் கிராங்க் கேஸுக்குள் விழுந்தாலும் செய்த வேலை வீண். சிலிண்டரைத் தூக்கியதும் கிராங்க் கேஸ் வாயில் சுத்தமான துணி அடைத்துவிடுங்கள்.

ரிங் காடியில் கரி இறுகியிருக்கும். பழைய ரிங்கை உடைத்து, முனையைச் சதுரமாக ராவி, அதையே சுரண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். காடிக்கு அச்சாகப் பொருந்தும். கரியை மட்டும் எடுங்கள், அலுமினியத்தைச் சுரண்டாதீர்கள். ஊசி ஆடுகிறதா என்று பாருங்கள், ஆடினால் அந்தப் பிஸ்டன் வேண்டாம். புது ரிங்கைக் காடியில் வைத்து மேல்கீழ் இடைவெளியைப் பாருங்கள். அது 0.15 மி.மீ.க்கு மேல் போனால் நான் பிஸ்டனையும் சேர்த்து மாற்றிவிடுவேன். உங்களுடையது தூசியில் தேய்ந்த பிஸ்டன் என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இரண்டு ரிங் என்றால் கீழ் ரிங் முதலில். இரண்டு கட்டைவிரலால் முனைகளைத் தேவையான அளவு மட்டும் விரித்துத் தலை வழியாக இறக்குங்கள். அதிகம் விரித்தால் முறியும், முறியாவிட்டாலும் கோணிவிடும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டனைக் கழற்றிப் போடுகிறவர்கள் இதில் கவனமாக இருங்கள், திருப்பிப் போட்டால் ரிங் முனைகள் எக்ஸாஸ்ட் துளை மேல் வந்துவிடும்.

இப்போது எல்லோருக்கும் கை நடுங்கும் கட்டம். ஒரு மரத்துண்டில் கனெக்டிங் ராடு நுழையும் அளவுக்குப் பிளவு வெட்டி, கிராங்க் கேஸ் வாயில் வைத்து, பிஸ்டனை அதன் மேல் உட்கார வையுங்கள். ஆடாது. ரிங்கிலும் பிஸ்டன் பக்கவாட்டிலும் டூ-டி ஆயில் தடவுங்கள். ரிங் முனைகள் ஊசியின் இரு பக்கமும் சரியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, விரல்களால் ரிங்கை அமுக்கிப் பிடித்துச் சிலிண்டரை நேராக இறக்குங்கள். கேபிள் டை ஒன்றைச் சுற்றி இறுக்கினாலும் நன்றாக வரும், சிலிண்டர் இறங்க இறங்க அது கீழே தள்ளப்படும். எக்காரணம் கொண்டும் சிலிண்டரை இடம் வலமாகத் திருகாதீர்கள். எங்காவது தடுத்தால் அழுத்தவும் வேண்டாம். ரிங் முனை ஊசியின் மேல் ஏறியிருக்கும். தூக்கிச் சரிசெய்து மறுபடி இறக்குங்கள்.

பேக்கிங் பழைய தடிமனிலேயே இருக்கட்டும். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிளக் இல்லாமல் மெல்லச் சுற்றும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் நிறுத்துங்கள்.

ஜூன் 9

பிஸ்டனைக் கழற்றுகிறவர்களுக்கு: பிஸ்டன் பின்னின் இரு பக்கமும் உள்ள கம்பி லாக்கை ஒருமுறை எடுத்தால் புதிது போடுங்கள். அதன் திறந்த வாய் நேர் மேலேயோ நேர் கீழேயோ இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். பிஸ்டன் ஏறி இறங்கும் வேகத்தில் பக்கவாட்டில் வாய் இருந்தால் லாக் சுருங்கி வெளியே வர வழியுண்டு. வந்தால் சிலிண்டர் போய்விடும்.

ஜூன் 15

"புது ரிங்குக்குப் பெட்ரோலில் ஆயில் இரண்டு மடங்கு ஊற்றட்டுமா" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கையேட்டில் உள்ளதை ஊற்றுங்கள். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. ஆயிலைக் கூட்டினால் கார்புரேட்டர் வழியே போகும் கலவையில் பெட்ரோலின் பங்கு அந்த அளவு குறையும், அதாவது இன்ஜின் இன்னும் வறட்சியாக ஓடும். பாதுகாப்புக்கு என்று ஊற்றுகிறவர்கள், முழு வேகத்தில் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகான ஹெச் ஸ்க்ரூவையும் சேர்த்துத் திறக்காவிட்டால் பலன் தலைகீழாகிவிடும்.

ரிங் பதிவதற்கு ஐடிலில் மணிக்கணக்காக ஓட்டுவதும் உதவாது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவதில் பெரும்பங்கு எரியும் வாயுவின் அழுத்தத்துக்கு. சுமை இல்லாவிட்டால் அந்த அழுத்தம் இல்லை. கொஞ்சம் சூடானதும் நடுத்தர மரத்தில் அறுக்க வையுங்கள், நடுநடுவே இளைப்பாற விடுங்கள், மரம் இல்லாமல் முழு ஆக்சிலேட்டரில் அலற விடாதீர்கள்.

ஜூன் 22

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றி. பங்கில் இப்போது இதுதான் வருகிறது. எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். கேனில் வாரக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும், ஆயில் அதில் கலக்காது. டேங்கின் குழாய் அடியில்தான் உறிஞ்சுகிறது, ஆக இன்ஜினுக்கு ஆயில் இல்லாத திரவம் போகும். எக்ஸாஸ்ட் பக்கக் கீறல் வர இதுவும் ஒரு வழி. தேவையானதை மட்டும் கலந்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நாள்கணக்கில் நிறுத்தினால் டேங்கைக் காலி செய்து, ஐடிலில் விட்டுத் தானாக நிற்க வையுங்கள்.

அதே பெட்ரோலில் எத்தனாலோடு ஆக்சிஜனும் சேர்ந்து வருகிறது, அதனால் கலவை கொஞ்சம் வறளும். ஹெச் ஸ்க்ரூவைப் பழைய இடத்திலேயே விட்டிருப்பவர்கள் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். மரம் இல்லாமல் ஒரு நொடி முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் லேசாகத் தடுமாற வேண்டும், மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். வெளியிலேயே கீச்சென்று தெளிவாக இருந்தால் கலவை வறட்சி.

ஜூலை 6

வால்பாறையிலிருந்து ஒருவர், ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 250 செயின் சாவுக்கும் இதே முறையா என்கிறார். ரிங் வேலை இதேதான், விட்டம் 42.5 மி.மீ. ஆனால் அந்த இன்ஜின் அமைப்பு வேறு. சிலிண்டரோடு கிராங்க் அறையின் மேற்பாதி சேர்ந்தே இருக்கும், கீழ்ப்பாதி ஒரு தட்டு. பேக்கிங் கிடையாது, பேஸ்ட்தான். கிராங்க், பேரிங், ஆயில் சீல் எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கும், ஆகவே இன்ஜினை மொத்தமாக வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். வெளியே எடுத்த பிறகு ஆயில் சீலைப் பழையதாகவே போடாதீர்கள். பேஸ்ட் மெல்லிசாக, ஓரம் வரை ஒழுங்காக. உள்ளே பிதுங்கி வந்த துண்டு பேரிங்கில் சிக்கும்.

ஜூலை 6, இரவு

காற்றுக் கசிவு பார்க்க அவரிடம் பம்பு இல்லையாம். ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி வீட்டில் இருந்தால் போதும். எக்ஸாஸ்ட் துளையில் சைக்கிள் டியூப் ரப்பரை வைத்துச் சைலன்சரை இறுக்குங்கள். கார்புரேட்டர் இடத்தில், கருவியின் குழாயை மாட்ட நாஸில் வைத்த தகடு. பிளக்கைப் போட்டுப் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, முள் 250 வரும் வரை பந்தை அமுக்கிவிட்டு விடுங்கள். முள் நின்றால் நல்லது. இறங்கினால் சீல்களிலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள்.

ஜூலை 13

பேராவூரணியில் மிஷின் ஓடுகிறது. மாட்டி முடித்தவுடன் கம்ப்ரஷன் 125 காட்டியதாம், இப்போது 140. மே 18-ல் 120 என்று ஒரு கோடு போட்டிருந்தேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கார் கேஜில் காற்றைத் தடுக்கும் வால்வு சில சமயம் குழாயின் மறுமுனையில் இருக்கும். நம் சின்ன சிலிண்டருக்கு அந்தக் குழாயின் கொள்ளளவே பெரிய இடம், அதனால் எண் குறைத்துத்தான் காட்டும். வால்வு பிளக் முனையில் உள்ள கேஜ்தான் சரி. அது இல்லையென்றால் எண்ணைப் பெரிதுபடுத்தாமல், அதே கேஜில் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். 105-லிருந்து 140 என்பது தெளிவான ஏற்றம். சூட்டில் எடுத்த எண்ணையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அது 85-லிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் எனக்குத் திருப்தி.

ஃபில்டர் புதிது போட்டாராம், ஓரத்தில் லேசாக கிரீஸும் தடவியிருக்கிறார். நல்ல பழக்கம். அடுத்த முறை ஃபில்டரைக் கழற்றும்போது அந்த கிரீஸுக்கு உள்பக்கம் தூசி தெரிந்தால் உடனே எழுதுங்கள்.